நடுக்குரலில் பாடியவளுக்கு

கோடைச் சளி பிடித்து ஒரு கிழமையாகிறது. இன்று காலை வேர்க்கொம்பும் மல்லியும் போட்டு அவித்தேன். மூடியைத் திறந்ததும் குசினி முழுக்க அந்த மணம். கை தானாகவே இரண்டாவது கோப்பையை எடுத்துவிட்டது. எடுத்ததைத் திரும்ப வைத்துவிட்டு என்னுடையதைக் குடித்தேன்.

வியாழக்கிழமைகளில் நீ இதைக் குடித்துவிட்டுத்தான் புறப்படுவாய். புறநகரான சென் தெனியில் ஒரு விடுதியில் அறைகள் துப்புரவாக்கும் வேலை முடித்து நாலு மணிக்கு வருவாய். ஒரு மணித்தியாலம் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுப்பாய். பிறகு எழும்பி முகம் கழுவி, இசைப் புத்தகத்தைப் பையில் வைத்துக்கொண்டு பாடற்குழுவுக்கு நடப்பாய். நாங்கள் இருவரும் வாடகைக்கு இருந்த மார்க்ஸ் டோர்மோய் தெரு வீட்டிலிருந்து பத்து நிமிட நடைதான். "தொண்டை அடைச்சால் ஆல்ட்டோவிலை ஆள் குறைஞ்சிடும் அக்கா" என்பாய், பெரிய உத்தியோகம் பார்க்கிறவள் போல.

பாட்டுக்காக நீ அங்கே போகவில்லை. குடியுரிமைக்குப் பிரெஞ்சுப் பரீட்சை எழுத வேண்டியிருந்தது. நாள் முழுக்க ஊர் ஆட்களோடு கதைத்துக்கொண்டிருந்தால் மொழி வராது, பக்கத்தில் ஒரு பாடற்குழு இருக்கிறது, போய்ச் சேர் என்று உன் பிரெஞ்சு ஆசிரியைதான் அனுப்பினார். போய்ப் பார்த்தால் அங்கே பாடியது லத்தீன்.

"பிரெஞ்சு பழகப் போனவள் செத்த பாஷை ஒண்டைப் பழகிக்கொண்டு வாறாய்" என்று நான் சிரித்தேன்.

"இடையிலை தேத்தண்ணி குடிக்கேக்க பிரெஞ்சுதானே கதைக்கினம்" என்றாய்.

அந்த வருடம் அவர்கள் எடுத்தது ஒரு ரெக்வியம். இறந்தவர்களுக்கான பூசையின் இசை. வியன்னாவில் இருந்த ஒருவர் எழுதத் தொடங்கி, முடிக்கும் முன்பே தானும் இறந்துபோனார், மிச்சத்தை வேறொருவர் எழுதி முடித்தார் என்று நீதான் எனக்குச் சொன்னாய். "அவரின்ரை கை எந்த இடத்திலை நிண்டதெண்டு ஷெஃப் காட்டினவர் அக்கா. அந்த இடத்துக்கு வரேக்க எனக்கு ஒருமாதிரிக் கிடக்கும்." குழுவை நடத்துகிறவரையும் ஷெஃப் என்பார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது. சமையற்காரருக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். நீ கதிரையில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தாய்.

உனக்கு இசைக் குறிகள் வாசிக்கத் தெரியாது. குரல் ஏறும் இடத்தில் மேல்நோக்கி ஓர் அம்பு, இறங்கும் இடத்தில் கீழ்நோக்கி ஓர் அம்பு என்று பென்சிலால் போட்டுக்கொண்டாய். லத்தீன் சொற்களுக்குக் கீழே தமிழ் எழுத்தில் உச்சரிப்பு. ஒருநாள் புத்தகத்தோடு ஓடிவந்தாய். "லக்ஸ் எண்டால் வெளிச்சமாம் அக்கா! இவ்வளவு காலமும் வெளிச்சத்தாலையோ முழுகினனாங்கள்?"

ஆல்ட்டோ என்பது பெண்குரலில் கீழ்க்குரல். நாலு குரல்களில் நடுவே நிற்பது. மெட்டு பெரும்பாலும் மேலே பாடுகிறவர்களிடம் போய்விடும். நீ கோப்பை கழுவிக்கொண்டு பாடியபோது எனக்குக் கேட்டதெல்லாம் ஒரே இடத்தில் நின்று, ஒரு படி இறங்கி, திரும்ப ஏறி நிற்கும் ஒரு முனகல். "இதுவும் ஒரு பாட்டோ?" என்று கேட்டேன். உனக்குக் கோபம் வரவில்லை. "எங்கட ஆக்கள் ஒரு சுருதியைப் பிடிச்சு ஒரு வழியாலை போவினம். இவையள் நாலு வழியாலை போய் ஒரு இடத்திலை சேருகினம். தனியக் கேட்டால் விளங்காது, வந்து கேளுங்கோ" என்றாய்.

நான் போகவில்லை. ஏன் போகவில்லை என்பதுதான் இந்தக் கடிதம்.

அந்தக் குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. கச்சேரிக்கு முந்திய கிழமை ஒவ்வொருவரும் தாங்கள் யாரை நினைத்துப் பாடுகிறார்களோ அந்த இறந்தவரின் பெயரை ஒரு சீட்டில் எழுதிக் கொடுப்பார்கள். நீ திரும்பி வந்தபோது நான் கட்டிலில் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தேன். சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னாய்.

"தம்பியின்ரை பேரை எழுதிக் குடுத்திட்டன்."

உன் தம்பி கடைசி யுத்தத்தின் முடிவில் சரணடைந்தவர்களோடு ஒரு பஸ்ஸில் ஏறியவன். ஏறியதை உன் அம்மா கண்ணால் கண்டவர். இறங்கியதைக் கண்டவர் யாருமில்லை. அம்மா இன்றைக்கும் வன்னியில், தெருவோரப் பந்தலில், அவன் எங்கே என்று கேட்டு, அவனுடைய படத்தை மடியில் வைத்துக்கொண்டு மற்றத் தாய்மாரோடு இருக்கிறார்.

"அம்மா அங்கை பந்தலிலை இருக்கிறா. நீ இஞ்சை செத்தவையோடை அவன்ரை பேரைக் குடுத்திட்டு வாறியோ?"

"எத்தினை வருசமாச்சு அக்கா."

"அம்மாவுக்குத் தெரிஞ்சால்?"

"தெரியாது. தமிழிலைதான் எழுதினனான். அங்கை ஒருத்தருக்கும் வாசிக்கத் தெரியாது." சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "அவனை ஒரு இடத்திலையாவது கிடத்தோணும் போலை இருந்தது" என்றாய்.

நான் சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "நீயே அவனைச் சாக்காட்டிப் போட்டாய்."

ஞாயிற்றுக்கிழமைக் கச்சேரிக்கான நுழைவுச் சீட்டை மேசையில் வைத்தாய். கடையில் வேலை இருக்கிறது என்றேன். நான் லூயி-பிளாங் தெருவில் விமானச் சீட்டு விற்கும் கடையில் நிற்கிறவள். அந்த ஞாயிறு எனக்கு வேலை இல்லை என்பது உனக்கும் தெரியும். கச்சேரி முடிந்து வந்து கறுப்புப் பாவாடையைத் தோய்த்துக் காயப்போட்டாய். இரவுக்குப் புட்டு அவித்தாய். என் சாப்பாட்டுக் கோப்பையிலும் போட்டாய். அதன் பிறகு நாங்கள் அரிசி, மின்சாரம், உன் பரீட்சை என்று எல்லாம் கதைத்தோம். அதை மட்டும் கதைக்கவில்லை.

நாலு மாதம் கழித்து விடுதிப் படிக்கட்டில் விழுந்தாய். மூளையில் இரத்தக் குழாய் வெடித்தது என்றார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாய். அம்மாவுக்குத் தொலைபேசியில் சொன்னது நான்தான். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை.

தகனத்துக்கு உன் குழுவிலிருந்து இருபது பேருக்கு மேல் வந்து கறுப்பு உடுப்போடு பின்னால் நின்றார்கள். உனக்குப் பக்கத்தில் நின்று பாடும் மார்த்தின், தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெண்மணி, என்னிடம் வந்து சின்னதாக ஒன்று பாடலாமா என்று கேட்டார். கிரியையை முன்னின்று நடத்திய உன் சித்தப்பாவைக் கேட்டேன். "தேவாரம் போகுது, அது காணும். உந்தச் சேர்ச் பாட்டு வேண்டாம்" என்றார். மார்த்தினுக்கு நான் மொழிபெயர்த்தது "வேண்டாம்" என்ற ஒரு சொல்லைத்தான். நான் வற்புறுத்தியிருந்தால் சித்தப்பா விட்டிருப்பார். நான் வற்புறுத்தவில்லை. குழுவினர் சடங்கு முடியும்வரை நின்றுவிட்டுப் போனார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வீட்டுக்குப் போனால் வரும் என்று நினைத்தேன். வீட்டிலும் வரவில்லை.

போன மாதம் மார்த்தின் கடைக்கு வந்தார். ஒரு வாடிக்கையாளர் போகும்வரை கதிரையில் காத்திருந்தார். பிறகு பையிலிருந்து ஒரு தடித்த கொப்பியையும் ஒரு சீட்டையும் எடுத்தார். சீட்டுகளில் வரும் பெயர்களை அவர் வருடாவருடம் அந்தக் கொப்பியில் எழுதி வைப்பாராம். போன வருடத்தில் ஒன்றை மட்டும் எழுத முடியவில்லையாம். வாசித்துக் காட்ட முடியுமா என்று கேட்டார்.

உன் உருண்டை எழுத்து. தம்பியின் முழுப்பெயர். கீழே, வயது இருபத்திரண்டு. பஸ்ஸில் ஏறியபோது இருந்த வயது.

வாசித்தேன். மெதுவாக இன்னொருமுறை என்றார். எழுத்துக் கூட்டிச் சொன்னேன். பிரெஞ்சில் எழுதி, கொப்பியை என் பக்கம் திருப்பினார். ஓர் எழுத்து பிழையாக இருந்தது. நானே பேனையை வாங்கித் திருத்தினேன். யார் இவர் என்று கேட்டார். அவளுடைய தம்பி என்றேன். அவர் இந்த வருடத்துக்கான பக்கத்தைத் திறந்தார். இப்போது அவளுடையது என்றார். உன் பெயரையும் எழுத்துக் கூட்டிச் சொன்னேன். அந்த நேரம் ஒருவர் உள்ளே வந்து கொழும்புக்கு டிக்கெட் இருக்கிறதா என்றார். திகதி கேட்டேன்.

நான் உனக்குச் சொன்னது பிழை. இதை உனக்குச் சொல்ல எனக்கு நாலு மாதம் இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கத்தில்தான் நீ இருந்தாய்.

இந்த வருடக் கச்சேரிக்குப் போனேன். தேவாலயத்தில் தூணுக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. இந்தமுறை அவர்கள் பாடியது பிந்திய காலத்து ஜெர்மன்காரர் ஒருவருடைய ரெக்வியம். அது இறந்தவர்களுக்காக எழுதியதல்ல, மிஞ்சியிருப்பவர்களைத் தேற்ற எழுதியது என்று தாளில் போட்டிருந்தது. எங்கே தேற்றுகிறார்கள் என்று கவனமாகக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. எல்லாம் முடிந்த பிறகு ஷெஃப் திரும்பி உன் பெயரைச் சொன்னார். நீ பாடியதில் ஒரு சின்னப் பகுதியைப் பாடினார்கள். மேலே பெண்கள் மெட்டைக் கொண்டுபோனார்கள், கீழே ஆண்கள். நடுவில், கோப்பை கழுவும்போது கேட்ட அதே முனகல். ஒரு படி இறங்கி, திரும்ப ஏறி நின்றது. அது நின்றதால்தான் மற்றக் குரல்கள் அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தன. எனக்குப் பக்கத்தில் இருந்த அந்நியப் பெண் அழுதார். நான் அவருக்குக் கைக்குட்டை கொடுத்தேன்.

வெளியே வரும்போது மார்த்தின் உன் படம் ஒன்று தந்தார். போன வருடக் கச்சேரியில் எடுத்தது. கறுப்பு உடுப்பில், வாய் திறந்து, எங்கோ மேலே பார்த்துக்கொண்டு நிற்கிறாய். அதைப் போனில் அம்மாவுக்கு அனுப்பினேன். உடனே அழைப்பெடுத்தார்.

"ஏன் பிள்ளை கறுப்பு உடுத்திருக்கிறாள்?"

"பாடேக்க எல்லாரும் அப்பிடித்தான் அம்மா."

"என்ன பாட்டு?"

"கோயில் பாட்டுத்தான்."

பந்தலில் இருந்துதான் கதைத்தார். பின்னால் வாகனங்கள் போவது கேட்டது.

"தம்பிக்காகத்தானே பாடினவள்?"

"ஓம் அம்மா. தம்பிக்காகத்தான்."

"எனக்குத் தெரியும்" என்றார். "அவன் வந்தோடனை இந்தப் படத்தைக் காட்டோணும். அக்கா உனக்காக எப்பிடிப் பாடினவள் எண்டு பார் எண்டு. கவனமா வைச்சிரு பிள்ளை."

"வைச்சிருக்கிறன் அம்மா" என்றேன்.

வைத்திருக்கிறேன்.