ஹார்ட்லி கல்லறைக்குச் சுண்ணாம்பு

28-10-2007, ஞாயிறு. கடலூர்.
மழை. சிதம்பரத்திலிருந்து காலை பஸ். மாமனார் சாமுவேல் ஹார்ட்லி வீட்டில் ஒரே அமர்க்களம். இங்கிலாந்திலிருந்து திருமதி ஹார்ட்லி என்று ஓர் அம்மா வருகிறார், குடும்பப் பெயரின் வேரைத் தேடி. மொழிபெயர்க்க நான்.
வாங்க: சுண்ணாம்பு, அதை அடிக்க மட்டை, மெழுகுவத்தி 2 பாக்கெட், சாமந்தி. வெள்ளி கல்லறைத் திருநாள். ராபர்ட் ஹார்ட்லி என்ற வெள்ளைக்காரர் கல்லறைக்கு வருஷா வருஷம் மாமாதான் வெள்ளையடிப்பார். அவருடைய பூட்டனாம்!
"நம்ம ஒடம்புல ஓடறது இங்கிலீஷ் ரத்தம், மாப்ள." இட்லிக்கும் முள்கரண்டிதான்.

31-10, புதன்.
லீவு. சர்ச்சில் பழைய ஞானஸ்நானப் பதிவேடு பார்த்தேன்.
முத்தன், குதிரைக்காரன். புதுப் பெயர் யாக்கோபு ஹார்ட்லி, அதாவது மாமாவின் தாத்தா. ஞானத்தகப்பன் ராபர்ட் ஹார்ட்லி.
ஆக, பெயர் மட்டும்தான் அவருடையது. ரத்தம் முத்தனுடையது.
மனைவி ஸ்டெல்லாவிடம் சொன்னேன். "அப்பாகிட்ட சொல்லிடாதீங்க. ஒடஞ்சி பூடுவாரு."
பதினைந்து வருஷமாக அவரைக் கிண்டல் செய்தவன் நான். இன்று சிரிப்பே வரவில்லை. பாவம் மனுஷன்.

2-11, வெள்ளி.
வெயில்! திருமதி ஹார்ட்லி வந்துவிட்டார். எல்லாரும் கல்லறையில். அந்த அம்மாவுக்கு எழுபது இருக்கும். முழங்கால் வலி, வாய் நிறையச் சிரிப்பு. ஹார்ட்லி என்றால் மான் மேயும் காட்டுவெளியாம். அங்கே அப்படி ஊர்கள் உண்டாம். பிழைக்கப் போனவர்களோடு ஊர்ப் பெயரும் போனதாம்.
மாமா: "நம்மள்ல மங்கலம்பேட்டையார் வூடுன்னு சொல்றமே, அது மாதிரி!"
பிறகு அந்த அம்மா பையிலிருந்து பதிவேட்டு நகலை எடுத்தார். முத்தன் யார் என்று கேட்டார். போச்சு. பொய் சொல்ல நாக்கு எழவில்லை. இரண்டு மொழியிலும் உள்ளதைச் சொன்னேன்.
மாமா கையில் மட்டை அப்படியே நின்றது. "அப்ப நாங்க யாருமில்லியா, மாப்ள?"
அந்த அம்மாவுக்குக் கண் கலங்கியது. அவரும் பிறப்பால் ஹார்ட்லி இல்லையாம். கணவர் பெயர். இங்கே வரணும் வரணும் என்று சொல்லியே கணவர் இறந்துவிட்டாராம். எங்கள் வீட்டில் ஒருத்தரும் இந்தக் கல்லறைக்கு ஒரு பூ வைத்ததில்லை, நீங்கள்தான் குடும்பம் என்றார். மட்டையை வாங்கி, பாதிக் கல்லறைக்கு அவரே அடித்தார்.
மாமா அழுதார். நானும்தான். சந்தோஷம்.

3-11, சனி.
மறுபடி தூறல். எல்லாருக்கும் இங்கேதான் டிபன். அந்த அம்மா கையால் பிசைந்து நாலு இட்லி.
மாமா? முள்கரண்டிதான்.