ஒரு பல் செட்டுக்கு இரண்டு குளியல்

பூனாகலை

ரொஷானி அப்பாவுக்கு,

போனை எடுக்காததால் எழுதுகிறேன். "உன் வேப்பிலைக் கஷாயந்தான் செட்டு உள்பக்க லைனிங்கைக் கல்லாக்கிடுச்சு" என்று பல் செட்டை மேசையில் வைத்துவிட்டுப் பசறைக்கு, உங்கள் தம்பி வீட்டுக்குப் போனீர்கள். சரி. ரேடியோவுக்குப் பின்னால் இருந்த, பல் செட் கழுவுகிற மாத்திரை டப்பா யாருடையது?

பதுளையில் பல் டாக்டரிடம் செட்டையும் டப்பாவையும் காட்டினேன். ராத்திரி நான் கஷாயத்தில் ஊறவைத்ததை, கசப்புப் போக விடியற்காலையில் நீங்கள் மாத்திரைத் தண்ணீரில் போட்டிருக்கிறீர்கள். டாக்டர் சிரித்துவிட்டார்.

"கஷாயமும் இறுக்கும், மாத்திரையும் இறுக்கும்ங்க. மெத்துன்னு இருக்கிற லைனிங் ரெண்டையும் எப்படித் தாங்கும்?"

ஆக, பாதிப் பழி எனக்கு. மீதியை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கசக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

புது லைனிங் போட செட் மட்டும் போதாதாம், வாயும் வரவேண்டுமாம். செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்கு உங்கள் பெயரில் நம்பர் எடுத்துவிட்டேன். செட் என் கைப்பையில் இருக்கிறது, தபாலில் அனுப்ப மாட்டேன். தம்பி வீட்டில் இருக்கும் உடுப்பையும் எடுத்து வாருங்கள். திரும்பும்போது பண்டாரவளை பஸ்ஸில் இரண்டு பேருக்கும் இடம் பிடிப்பேன்.

பல் இல்லாமல் அங்கே நீங்கள் ரொட்டி தின்றிருக்க மாட்டீர்கள். நீங்கள் போன இந்த இரண்டு வாரமும் நானும் ரொட்டி சுடவில்லை.

இப்படிக்கு,
கஷாயக்காரி