கிணற்றில் தண்ணீர் இருந்தது

மார்ச் 4

இன்று நூற்றுப் பன்னிரண்டு படுக்கை விரிப்புகள். ஓட்டல் துணிகளை வெளுக்கும் இந்த இடத்தில் ஒரு விரிப்பை இரண்டு பேர் சேர்ந்துதான் மடிக்க வேண்டும். என் எதிர்முனையைப் பிடிக்கிற அக்கா வாயே மூடுவதில்லை. எல்லோரும் அவளை ரேடியோ என்கிறார்கள். எனக்கு அதுவே வசதி, "ம்" கொட்டினால் போதும்.

இந்த நோட்டு அவள் கொடுத்தது. "வாயாலதான் பேச மாட்ட. கையாலயாவது பேசுடி." எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் பட்டாளம் தங்கிவிட்டது.

மார்ச் 9

அகதிகள் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எங்களுக்கு இந்த நாட்டில் அடைக்கலம் கிடையாதாம். பஞ்சம் பிழைக்க வந்தவர்கள் என்று எழுதியிருக்கிறார்கள். இருபத்தொன்றாம் தேதி கடைசியாக ஒருமுறை விசாரிப்பார்கள். அதிலும் இல்லை என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மார்ச் 10

அக்காவிடம் சொன்னேன். அவளும் அதே அலுவலகத்தைத் தாண்டி வந்தவள்தான்.

"உங்கம்மா அங்க என்னதான் சொன்னாங்க?"

"மூணு வருஷமா மழை இல்ல, தண்ணி இல்ல, அதான் வந்தோம்னு."

"வேற ஒண்ணுமே நடக்கலையா?"

என் கையிலிருந்து விரிப்பு நழுவிவிட்டது. அக்கா அதை எடுக்கக்கூட இல்லை. "சொன்னாத்தானே தெரியும்? அவங்க என்ன ஜோசியமா பாக்கறாங்க?"

மார்ச் 11

ஏன் சொல்லவில்லை என்று அம்மாவைக் கேட்டேன்.

"அதிகாரிங்ககிட்ட வேற என்னத்தச் சொல்றது?"

அதுவும் சரிதான். ஊரில் எல்லோரும் அப்படித்தானே? சோதனைச் சாவடியில் எதைக் கேட்டாலும் "மழை இல்லைங்க" என்போம். மழையைக் குறை சொன்னால் யாரும் அடிக்க மாட்டார்கள். அந்தப் பழக்கத்தையும் மூட்டையோடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம்.

"நான் சொல்லட்டுமா?" என்றேன்.

"நீயா? கடையில உப்பு கேக்கவே என் முதுகுக்குப் பின்னாடி ஒளியறவ!"

சிரித்துவிட்டோம். எத்தனை நாளாயிற்று, அம்மா சிரித்து.

மார்ச் 20

நாளைக்கு விசாரணை. என் வேலையையும் தானே பார்த்துக்கொள்வதாக அக்கா சொல்லிவிட்டாள். அவள் கடனை என்ன செய்து தீர்ப்பேன்?

மார்ச் 21

சின்ன அறை. மூக்குக்கண்ணாடி போட்ட அதிகாரி, பக்கத்தில் மொழிபெயர்க்கிற பெண்மணி.

"ஊர்ல தண்ணி இல்லாம வந்தோம்னு சொல்லியிருக்கீங்க. சரியா?"

அம்மா தலையாட்டினாள்.

"கிணத்துல தண்ணி இருந்துச்சு" என்றேன். என் குரல்தானா அது?

அம்மா என் தொடையைக் கிள்ளினாள். நான் நிறுத்தவில்லை. மற்ற கிணறுகள் வற்றிவிட்டன, அந்த ஒன்று வற்றவில்லை. பட்டாளத்தார் அதைச் சுற்றி வேலி போட்டார்கள். அவர்களுக்கு வேண்டாத வீடுகளுக்கு ஒரு குடம்கூட இல்லை. அண்ணன் எல்லா வீட்டிலும் கைரேகை வாங்கி மனு கொடுத்தான். மறுநாள் காலையில் அவனைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அப்புறம் மனுவை எழுதியது யார் என்று வீடு வீடாகக் கேட்டு வந்தார்கள்.

"யார் எழுதினது?" என்று அதிகாரி கேட்டார்.

"நான்தான்."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது — இவ்வளவு நாளும் அவள் மழையைச் சொன்னது எனக்காக. பிறகு கையை எடுத்தாள், பேச ஆரம்பித்தாள். மடை திறந்த மாதிரி.

"மெதுவாம்மா, எனக்கு ஒரு வாய்தான் இருக்கு" என்றார் மொழிபெயர்க்கிற பெண்மணி. அதிகாரி எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. அதற்காகவே அவரை மறக்க மாட்டேன்.

ஏப்ரல் 30

இங்கேயே இருக்கலாம்! இருக்கலாமாம்!! அக்கா என்னைத் துணி வண்டியில் உட்கார வைத்துக் கூடம் முழுக்கத் தள்ளிக்கொண்டு போனாள்.

மே 17

அண்ணனைப் பற்றி இன்னும் ஒரு தகவலும் இல்லை. காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்துக்கு இன்று போனோம். அம்மாவே முன்னால் போய் நின்றாள். அவன் பெயர், பிடித்துப்போனது எந்தப் படைப்பிரிவு, எந்த வண்டி, என்ன சட்டை.

"உசரத்தக் குறைச்சு எழுதாதீங்க. என்னவிட ஒரு ஜாண் அதிகம். எழுதிக்கோங்க."

அரை மணி நேரம் ஆயிற்று. வரிசையில் பின்னால் நின்றவர் உச்சுக் கொட்டினார்.

நான் அவர் பக்கம் திரும்பினேன். "கொஞ்சம் பொறுங்க. எங்கம்மா பேசிட்டிருக்காங்க."