சாரோவுக்குச் சொன்ன நன்றி

ஆவணி, ஞாயிறு இரவு

இதை எழுதத்தான் இந்த வயதில் எழுத்துப் படித்தேனோ என்னவோ.

நேற்று டிவி நாடகத்தில் விண்கப்பல் ஓட்டுகிற சாரோ திருந்தினான். முன்பு கூட்டாளிகளைக் கைவிட்டு ஓடியவன், அவர்களைக் காப்பாற்றத் திரும்பி வந்தான். தோட்டத்தில் எங்கள் லயத்து வீட்டு வரிசையே வெடி கொளுத்தியது. என் மருமகள் ரோசா அதோடு விடவில்லை. காலையில் பூசைக்கு முன் ஃபாதரிடம் போய், "சாரோ திருந்திட்டான் ஃபாதர், நன்றி சொல்லி ஜெபிக்கணும்" என்று கேட்டுவிட்டாள். ஃபாதர் புதியவர். சாரோ எங்கள் தோட்டத்து ஆள் என்று நினைத்துவிட்டார்.

பூசை முடிவில், "மனந்திரும்பின அந்தச் சகோதரர் முன்னுக்கு வாங்க, ஆசீர்வாதம் தர்றேன்" என்றார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

கடைசி வாங்குப் பலகையிலிருந்து என் மகன் அருள், ரோசாவின் புருஷன், எழுந்து நடந்தான். அவன் கசிப்புச் சாராயம் குடிப்பதை விட்டுக் கொஞ்ச நாளாகிறது. சம்பள நாள் வந்தால் தெரியும் என்று நானும் ரோசாவும் நம்பாமலே இருந்தோம். பீடத்தின் முன் அவன் முழந்தாளிட்டபோது யாரும் சிரிக்கவில்லை.

வரும் வழியில், "சாரோவுக்கு மட்டும்தான் வெடியா? எனக்கு ஒன்னும் இல்லையா?" என்று ரோசாவிடம் கேட்டான்.

"சம்பள நாள் போகட்டும், பாப்போம்" என்றாள்.

இப்போது மீதி வெடிக்கட்டை ஈரம் படாமல் துணியில் சுற்றி, தன் சேலைப் பெட்டிக்குள் வைக்கிறாள். எதற்கு என்று கேட்டேன்.

"சாரோவுக்குத்தான் மாமா."

இந்தத் தடவை நான் அவளை நம்பவில்லை.