பிரிக்காத பெட்டி

செப்டம்பர் 21, ஞாயிறு. மகாளய அமாவாசை

கொலுப்படி கட்டியாகிவிட்டது. அப்பா வழக்கம்போல் நட்டைத் தொலைத்துவிட்டு என்னைத் திட்டினார். இந்தச் செம்பாக்கம் ஃப்ளாட்டின் ஹாலில் ஏழு படியும் சோபாவும் சேர்ந்து இருக்க முடியாது. அதனால் சோபா என் அறைக்கு வந்துவிட்டது. கட்டில், ஆபீஸ் மேசை, என் சூப்பர் ஹீரோ பொம்மைகள் நிற்கும் கண்ணாடி அலமாரி, இப்போது சோபா. பாத்ரூம் போகக்கூட அதன்மேல் ஏறி இறங்க வேண்டும்.

அம்மா சொன்னாள்: "நானும் பொம்மை வைக்கறேன், நீயும் பொம்மை வைக்கற. என் பொம்மையைப் பாத்து ஊரே கும்பிடுது. உன்னோடதைப் பாத்து சிரிக்குது. முப்பத்திமூணு வயசுடி ரோஹிணி."

அடுத்த ஞாயிறு ஒரு வரன் வருகிறதாம். மேற்குத் தாம்பரம். பெயர் ஷ்யாம்சுந்தர். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா கண்ணால் அப்பாவைக் காட்டினாள். கோடையில் அவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனதிலிருந்து இந்த வீட்டில் யாரும் சத்தமாகப் பேசுவதில்லை. மெதுவாகப் பேசுகிறவர்களிடம் எப்படிச் சண்டை போடுவது?

செப்டம்பர் 23, செவ்வாய்

ஆபீஸ் மெயில். வீட்டிலிருந்து வேலை செய்ததெல்லாம் போதும், அக்டோபர் ஆறு முதல் எல்லோரும் சிறுசேரிக்கு வந்தாக வேண்டும். டீமே புலம்பிக்கொண்டிருக்கிறது. நான் பாத்ரூமில் போய்ச் சிரித்துவிட்டு வந்தேன்.

செப்டம்பர் 28, ஞாயிறு

வந்தார்கள். சுண்டல் ஆயிற்று. கொலுவுக்கு வந்தால் பாட வேண்டுமாம், வீட்டுப் பெண்ணும் பாட வேண்டுமாம். சுருதி ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். அவன் அம்மா தலையை ஆட்டி ரசித்தார். புண்ணியவதி.

பிறகு அந்த ஷ்யாம்சுந்தர் என் அறைக்குள் எட்டிப் பார்த்தான். "அது கேப்டன் ஸோரன்தானே? முதல் வரிசையில வந்தது?" என்றான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவனும் இப்படிப் பொம்மை சேர்க்கிறானாம்! கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, சோபாவைத் தாண்டி வந்து, ஸோரன் இருந்த பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினான். போனில் டார்ச் போட்டு ஒவ்வொரு மூலையாகப் பார்த்தான். சீல் டேப், அட்டையின் மடிப்பு, முன்பக்கத்து பிளாஸ்டிக் பழுத்திருக்கிறதா, புருவத்தில் பெயிண்ட் வழிந்திருக்கிறதா. எனக்குத் தெரிந்த எல்லாம் அவனுக்கும் தெரிந்திருந்தது.

"பிரிக்கவே இல்லையா?"

"இல்ல. முதல் சம்பளத்துல வாங்கினது. மனசு வரல."

"தயவுசெஞ்சு பிரிச்சிடாதீங்க. பெட்டி இவ்வளவு சுத்தமா நான் பாத்ததே இல்ல."

அவர்கள் போனதும் அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை. "இவன்கிட்ட என்ன குறை சொல்லுவ? சொல்லு பாப்போம்."

சொல்ல ஒன்றுமில்லை. முன்பு வந்த வரன்களை மறுக்கக் காரணம் இருந்தது: பொம்மையைத் தூக்கிப் போடு என்றவனுக்கு ஒன்று, ஜிம் செல்ஃபியாக அனுப்பித் தள்ளினவனுக்கு ஒன்று. இவன் நல்லவன். மூச்சு முட்டுகிறது. எதனால் என்று கேட்டால் பதில் இல்லை. எனக்குத்தான் கொழுப்போ?

விஜயதசமி அன்று நல்ல வார்த்தை சொல்வதாக அம்மா சொல்லி அனுப்பிவிட்டாள்.

செப்டம்பர் 29, திங்கள்

ஷ்யாம்சுந்தர் போன் பண்ணினான். அவன் சேர்த்தவை எல்லாம் சீல் பிரிக்காதவையாம். தனி அறை, ஏ.சி. வெயில் பட்டால் நிறம் போகும் என்று ஜன்னலை அடைத்துவிட்டானாம். "உங்க ஸோரனுக்கு ஒரு தட்டு காலியா வச்சிருக்கேன்."

அப்புறம் அதே குரலில்: "தினம் சிறுசேரிக்கு அலையணுமா? கல்யாணத்துக்கு அப்புறம் வேலையை விட்டுடுங்களேன். வீட்ல நிம்மதியா இருக்கலாம்."

நான் என்ன சொன்னேன்? "பாக்கலாம்." என் நாக்கைப் பிடுங்கிப் போட வேண்டும்.

டீமில் கூட வேலை செய்யும் ஜெரூஷாவிடம் சொன்னேன். "லூசு! பொண்ணு 'பாக்கலாம்'னு சொன்னா, கேக்கறவங்களுக்கு அது 'சரி'தான்டி" என்றாள்.

செப்டம்பர் 30

தூக்கம் இல்லை. வேலையும் ஓடவில்லை. சோபாவில் முழங்கால் இடித்துக்கொண்டேன்.

அக்டோபர் 1, புதன். ஆயுத பூஜை

எங்கே ஆரம்பிக்க?

அம்மா காலையிலேயே சந்தனக் கிண்ணமும் குங்குமமுமாகக் கிளம்பிவிட்டாள். ஸ்கூட்டி, மிக்ஸி, அப்பாவின் பி.பி. மிஷின், என் லேப்டாப், எல்லாவற்றுக்கும் பொட்டு. நான் குளித்துவிட்டு வந்தால் — கேப்டன் ஸோரன் பெட்டி மேலும்! சீல் மேலேயே, அட்டையில் மூன்று இடத்தில், ஈரச் சந்தனம், நடுவில் குங்குமம், கீழே வழிந்து சிவப்பாகக் கோடு.

கத்திட்டேன். அப்பா முன்னாடியே கத்திட்டேன். "யாரைக் கேட்டு வச்ச? எதையாவது என்னைக் கேட்டுச் செய்யறீங்களா இந்த வீட்டுல?"

அம்மா பயந்து ஈரத்துணியால் துடைத்தாள். அட்டையில் இருந்த எழுத்தும் கூடவே வந்துவிட்டது. "நீ உசுரா வச்சிருக்கியேன்னுதான்டி வச்சேன்…" எனக்கு அழுகையா, ஆத்திரமா, தெரியவில்லை.

இந்த நேரம் பார்த்தா வீடியோ காலில் அவன் வர வேண்டும்? பூஜை வாழ்த்து சொல்ல. என் முகத்தைப் பார்த்துக் கேட்டான், பெட்டியைக் காட்டினேன்.

"ஐயோ. போச்சு. சீல் மேலயேவா?"

"பெட்டிதான் போச்சு. உள்ள இருக்கறது நல்லாத்தானே இருக்கு?"

அவன் யோசிக்கவே இல்லை. "உள்ள இருக்கறதை யாரு பாக்கப் போறா ரோஹிணி?"

நான் அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன்.

கத்திரிக்கோல் பூஜையில் இருந்தது, இன்றைக்குத் தொடக்கூடாது. நகத்தால் பிரித்தேன். டேப் வெடுக்கென்று வந்தது. என்னைப்போல் பொம்மை சேர்க்கும் எத்தனையோ பேருக்கு அவர்களுடைய பொம்மையைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லியிருக்கிறேன். என்னுடையதை இன்றுதான் தொட்டுப் பார்த்தேன். முகம் அருமை. பெயிண்ட் அருமை. தோளிலிருந்து பறக்க வேண்டிய நீலத் துணி முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வலது தோள் திரும்பவில்லை. இரண்டு முழங்காலும் உள்பக்கமாக வளைந்திருந்தன. கம்பியால் இறுக்கிக் கட்டியே வைத்திருந்தால் வேறென்ன ஆகும்? மேசையில் நிறுத்தினேன், குப்புற விழுந்தான். மறுபடி நிறுத்தினேன், மறுபடி விழுந்தான். உட்கார்ந்து அழுதேன்.

பிறகு வெந்நீர் வைத்தேன். சூட்டில் பிளாஸ்டிக் இளகும், நேராக்கிப் பச்சைத்தண்ணீரில் பிடித்தால் அப்படியே நிற்கும். அம்மா அடுப்படிக்கு வந்தாள்.

"என்னடி, இவனைக் குளிப்பாட்டறியா?"

"காலைப் பிடிச்சுக்கோ. இறுக்காதே."

பிடித்துக்கொண்டாள். நான் தண்ணீர் ஊற்றினேன். முகம் பார்க்காமல் பேசுவதற்கு அதுவும் ஒரு வசதி.

"வேண்டாம்மா."

"என்ன வேண்டாம்?"

"தெரியாத மாதிரி கேக்காதே."

அம்மா புடவைத் தலைப்பால் ஸோரன் காலைத் துடைத்து மேடையில் வைத்தாள். கொஞ்சம் ஆடினான். நின்றுவிட்டான். அவனை எடுத்துக்கொண்டு போய்க் கொலுவில் கடைசிப் படியில் மரப்பாச்சி பக்கத்தில் வைத்து, நெற்றியில் ஒரு பொட்டும் வைத்தாள். இம்முறை என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வைத்தாள்.

அக்டோபர் 2, வியாழன். விஜயதசமி

அப்பாதான் மேற்குத் தாம்பரத்துக்குப் போன் போட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "எங்க பொண்ணுக்கு இஷ்டமில்லைங்க. தப்பு உங்க பையன் மேல இல்ல" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் ஒன்றுமே சொல்லவில்லையே அப்பா என்றேன்.

"எனக்கு ஆபரேஷன் பண்ணது நெஞ்சுல. காதுல இல்ல" என்றார். "நேத்து நீ கத்தினது நல்லாவே கேட்டுது."

அம்மாவுக்குக் கோபம். மத்தியானம் சாதம் டங்கென்று தட்டில் விழுந்தது.

சாயங்காலம் ஆரத்தி எடுத்தோம். கொலு முடிந்ததற்கு அடையாளமாக ஏதாவது ஒரு பொம்மையைப் படுக்க வைக்க வேண்டும். கைக்கு எட்டினவன் ஸோரன்தான். அம்மா அவனைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள்.

"இவன் நேத்துதானே எழுந்து நின்னான். நிக்கட்டும்."

மரப்பாச்சி ராஜாவைப் படுக்க வைத்தாள். நான் சோபாவின் மேல் ஏறி என் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

அக்டோபர் 6, திங்கள்

சோபா ஹாலுக்குப் போய்விட்டது. காலையில் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது.

ஸோரன் ஆபீஸ் மேசையில் நிற்கிறான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், யாரோ அவனை எடுத்துப் பார்த்துவிட்டு, திரும்பாத அந்த வலது தோளைத் திருப்பி, கையைத் தூக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பெயிண்டில் கைரேகை.

நான் துடைக்கவில்லை.