தள்ளு என்று எழுதினேன்

அன்புள்ள மகனுக்கு,

இறைவன் திருவருளால் நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் அவ்வாறே இருக்க நாள்தோறும் வேண்டிக்கொள்கிறோம். நலம் என்று எழுதிவிட்டேனே தவிர, வீட்டின் முன்னால் இருக்கும் புல்வெளி நலமாக இல்லை. போன மாதம் நீ அனுப்பிய புல்வெட்டும் இயந்திரம் அதை அந்தக் கதிக்கு ஆளாக்கிவிட்டது, நானும் அன்று முதல் உள்ளுக்குள் கொதித்துக்கொண்டிருக்கிறேன். தொலைபேசியில் நீ கேட்டபோதெல்லாம் எல்லாம் சரி, எல்லாம் சரி என்றே சொல்லிவந்தேன். சினம் மூண்டிருக்கும்போது நாவை அடக்க வேண்டும் என்பதில் அறநூல்களுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. கையைப் பற்றி அவை ஒன்றும் சொல்லாததால் எழுதுகிறேன், உட்கார்ந்து பொறுமையாகப் படி.

நீ போன முறை வந்து திரும்பியபோது அம்மா கட்டிலை விட்டு நாற்காலிக்கு மாறியிருந்தாள், அவ்வளவுதான். அதன் பிறகு நடந்தவற்றை நீ துண்டு துண்டாகத்தான் கேட்டிருப்பாய். பக்கவாதம் தாக்கிய இடது காலில் அசைவு திரும்பியதே தவிர உணர்வு திரும்பவில்லை, பாதம் தரையில் பட்டிருக்கிறதா இல்லையா என்பது அவளுக்குக் குனிந்து பார்த்தால்தான் தெரியும். வாரத்துக்கு இரண்டு நாள் வரும் நடைப்பயிற்சி அம்மையாருக்கு உன் அம்மா சேனாதிபதி என்று பெயர் வைத்திருக்கிறாள், எதிரிலேயே அப்படித்தான் அழைக்கிறாள், அவரும் விறைப்பாக ஏற்றுக்கொள்கிறார். அந்தச் சேனாதிபதி, செருப்பில்லாமல் புல்லில் நடக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். 'டைல்ஸ்ல நடந்தா பாதம் தூங்கிடும்மா, புல்லு குத்தினாத்தான் முழிச்சுக்கும்' என்றார். அதற்குப் புல் இரண்டு விரற்கடை உயரம் நிற்க வேண்டும், கூடினால் கால்விரல் சிக்கித் தடுக்கும், குறைந்தால் வெறும் மண்தான் படும். வாசற்படியிலிருந்து வெளிக்கதவு வரை அவளுடைய எட்டில் பதினைந்து எட்டு. நான் நாள்தோறும் ஓதும் வெண்பா ஒன்றைச் சீர் சீராகச் சொல்லிக்கொண்டு பக்கத்தில் நடப்பேன், சீருக்கு ஓர் எட்டாக அவள் வைப்பாள். முதல் மூன்று அடிகளில் நான்கு நான்காகப் பன்னிரண்டு சீர், ஈற்றடியில் மூன்று, ஆகப் பதினைந்தில் கதவு வந்துவிடும். தொடக்கத்தில் ஏழாம் சீரிலேயே உட்கார்ந்துவிடுவாள். நான் கடிந்துகொண்டால், 'உங்க பாட்டே கடைசி வரியில ஒண்ணைக் குறைச்சுக்கிட்டுத்தானே முடியுது, நான் குறைச்சா மட்டும் குத்தமா' என்று என்னையே மடக்குவாள். அப்படி மடக்கி மடக்கியே பதினோராம் சீர் வரை வந்துவிட்டாள்.

இந்தப் பதினைந்து எட்டில் என்ன அடங்கியிருக்கிறது என்பதை உனக்கு நினைவூட்ட வேண்டியதில்லை, விதித்தவனே நீதான். மாதக் கடைசியில் சேனாதிபதி சோதித்துப் பார்க்கட்டும், ஊன்றுகோல் இல்லாமல் கதவு வரை நடந்தால் அம்மா வீட்டிலேயே இருக்கலாம், இல்லாவிட்டால் ஆள் வைத்துப் பராமரிக்கும் இல்லத்தில் சேர்த்துவிடலாம் என்றாய், சேர்க்கைப் படிவத்தையும் அனுப்பிவைத்தாய். 'உங்களால அம்மாவைத் தூக்க முடியாதுப்பா, விழுந்தா ரெண்டு பேரும் சேர்ந்து விழுவீங்க' என்றாய். அது பொய்யில்லை. ஆனால் நாற்பத்து நான்கு ஆண்டுகள் ஒரே கூரையின் கீழ் இருந்தவளைப் பார்வையாளர் நேரத்தில் போய்ப் பார்த்துவிட்டு, மணி அடித்ததும் எழுந்து வருவது எப்படி என்று நான் கற்ற எந்த நூலிலும் இல்லை.

இனி இயந்திரத்துக்கு வருகிறேன். குந்தி உட்கார்ந்து கத்தரியால் புல் வெட்டி என் இடுப்பு கழன்றுவிட்டது, ஆகவே உன்னிடம் ஒரு தள்ளு மெஷின் கேட்டுக் கைப்பேசியில் எழுதினேன். கையால் தள்ளினால் சக்கரம் உருளும், சக்கரம் உருண்டால் கத்தி சுழலும், நின்றால் எல்லாம் நிற்கும், அந்த எளிய பொருள். அதற்கு உன் பதில் என்ன? 'எங்கிட்டப் போய் இப்படிக் கேக்கலாமா அப்பா, நான் என்ன அவ்வளவு கஞ்சனா? இருக்கிறதுலயே பெரிய மெஷினா அனுப்புறேன் பாருங்க.' இதில் கஞ்சத்தனம் எங்கிருந்து முளைத்தது என்று எனக்கு விளங்கவில்லை, பிள்ளை ஏதோ அன்பின் மிகுதியில் பேசுகிறான் என்று விட்டுவிட்டேன். நான்காம் நாள் இரண்டு ஆட்கள் மூச்சுவாங்கத் தூக்கி வந்து இறக்கினார்கள், பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்துக் கிளப்புகிற ஒரு பூதத்தை. நம் புல்வெளி ஆறு கட்டில் போடுகிற அளவு. அதில் அந்தப் பூதம் ஒரு முறை திரும்ப வேண்டுமானால் பூச்செடிகளிடம் முன்கூட்டியே மன்னிப்புக் கேட்டுக்கொள்ள வேண்டும். உயரம் வைக்கும் பிடியில் ஒன்று முதல் ஆறு வரை எண்கள் இருந்தன. எதையும் ஒன்றிலிருந்து தொடங்குவதே முறை என்று ஒன்றில் வைத்தேன், ஒன்று என்றால் மண்ணோடு மண்ணாகச் சிரைப்பது என்று அதைச் செய்த புண்ணியவான் வைத்திருக்கிறான். அந்தத் தவறு என்னுடையது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன் இரைச்சலுக்கும், அது எடுத்தெறிந்த கல்லுக்கும் நான் பொறுப்பில்லை. அம்மா வழக்கம்போல வாசற்படி ஓரம் நாற்காலியில் இருந்தாள், கல் வந்து நாற்காலிக் காலில் பட்டுத் தெறித்தது. நான்கு விரற்கடை தள்ளி வந்திருந்தால் அவள் முழங்கால். அவள் கத்தவில்லை. நான் பதறி ஓடி இயந்திரத்தை அணைத்த பிறகு, 'என்னை உள்ள கூட்டிட்டுப் போயிடுங்க' என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு பதினாறு நாள் புல்லில் கால் வைக்கவில்லை. நடுவில் ஒரு பாய் அகலத்துக்குப் புல்லே இல்லாமல் மண் பிளந்து கிடந்தது, காலை வெயிலில் அது என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தது. சேனாதிபதி நான்கு முறை வந்து நான்கு முறையும் தலையை ஆட்டிவிட்டுப் போனார். உன் படிவம் அலமாரியில் என் ஓதும் புத்தகங்களுக்குப் பக்கத்தில் இருந்தது, புத்தகம் எடுக்கும்போதெல்லாம் கையில் அதுதான் தட்டுப்பட்டது.

இந்தக் கூத்துக்கெல்லாம் வேர் எது என்று கண்டுபிடித்தவள் உன் அம்மா. உள்ளே படுத்தபடி என் கைப்பேசியை வாங்கிப் பழைய செய்திகளைப் பார்த்தாள், பார்த்தவள் முகத்தைத் தலையணையில் புதைத்துக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாளோ என்று ஓடினேன். 'என்ன கேட்டிருக்கீங்கன்னு நீங்களே படிங்க' என்று நீட்டினாள். தள்ளுபடி மெஷின் ஒன்று போதும் என்று இருந்தது. நான் எழுதியது தள்ளு. மீதி இரண்டு எழுத்தையும் அந்தக் கைப்பேசி தானாகச் சேர்த்திருக்கிறது. முப்பத்தோர் ஆண்டுகள் நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்தவன் நான், பிறர் மனுக்களின் தலையில் தள்ளுபடி என்று எழுதி எழுதியே விரல் காய்த்தவன், அந்தச் சொல்லை நான் மலிவு விலைக்காக உன்னிடம் கையேந்தப் பயன்படுத்துவேனா? நீயாவது ஒரு வார்த்தை திருப்பிக் கேட்டிருக்க வேண்டாமா? நான் என்றைக்கு உன்னிடம் மலிவாக ஒன்றைக் கேட்டிருக்கிறேன், கேட்டால் அரிதாகக் கேட்பேன், கேட்டதைச் சரியாகக் கேட்பேன். கடைக்காரனிடம் கோபித்துக்கொள்வதுபோல உன்னிடம் கோபித்துக்கொள்கிறேன் என்று மருமகள் நினைக்க வேண்டாம், கடைக்காரனிடம் தனியாகக் கோபித்துக்கொண்டாயிற்று.

ஆம், மறுநாள் நானே கடைக்குப் போனேன். வாசலிலேயே பெரிய பலகையில் தள்ளுபடி என்று எழுதித் தொங்கவிட்டிருந்தார்கள், உள்ளே போகும்போதே இரத்தம் ஏறிவிட்டது. விற்பனையாளர் ஒருவர் வந்து, 'உங்க வயசுக்கு மோட்டார்தான் சார் சரிப்படும்' என்று தொடங்கினார். என் வயதை நான் விலைக்குக் கொண்டுவரவில்லை, தள்ளுகிற வண்டியைக் காட்டுங்கள் என்றேன். முதலில் ஒன்றைக் காட்டி, 'பஞ்சு மாதிரி சார், ஒத்தை விரல்ல தள்ளலாம்' என்றார். கவிழ்த்துக் காட்டச் சொன்னேன், சக்கரத்துக்குள் இருக்கும் பல்சக்கரம் பிளாஸ்டிக். ஒரு குச்சி சிக்கினால் பல் போய்விடும், பல் போனால் அதற்குக் கட்டுகிற வைத்தியரும் கிடையாது. இரண்டாவது இரும்புதான், ஆனால் நம் பாத்திக்கும் நடைபாதைக்கும் நடுவில் நுழையாத அகலம், உயரம் மாற்ற நான்கு மரையைக் கழற்றிப் பூட்ட வேண்டும், அதைச் செய்வதற்குள் புல் மறுபடி வளர்ந்துவிடும். மூன்றாவது ஒடுக்கமானது, உருளையில் ஐந்து கத்தி, பிடியை நகர்த்தினால் உயரம் மாறுகிறது, பின்னால் இழுத்தால் கத்தி சுற்றாமல் சக்கரம் மட்டும் உருள்கிறது. வீட்டிலிருந்து கொண்டுபோன செய்தித்தாளை அடியில் நிலையாக நிற்கும் தகட்டுக்கும் உருளைக்கும் நடுவில் கொடுத்துக் கையால் சுற்றினேன், இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கசங்காமல் வெட்டியது. பிறகு காதை வைத்துக் கேட்டேன். நான்கு கத்தியும் ஒரே அளவாக ஒலித்தன, ஐந்தாவது மட்டும் ஒரு மாத்திரை பிந்தியது. தளை தட்டுகிறது, வேறொன்று எடுங்கள் என்றேன். அவர் தரையில் மண்டியிட்டு டார்ச் அடித்துத் தேடிவிட்டு, 'புது மெஷின் சார், தழை எதுவும் மாட்டலையே' என்றார். தழை இல்லை ஐயா, தளை. பாட்டில் ஒரு சீர் அடுத்த சீரோடு சேராமல் இடறுவது என்று விளக்கினேன். அவர் இன்னொருவரைக் கூப்பிட்டு, 'சார் மெஷினுக்குப் பாட்டு வராதுன்னு சொல்றாரு, குடோன்லேர்ந்து வேற கொண்டு வா' என்றார். நான்காவதாக வந்த பெட்டிதான் ஒழுங்காக ஓதியது. கிளம்பும்போது, 'காதை வெச்சு மெஷின் வாங்கின முதல் ஆள் நீங்கதான் சார்' என்றார், பாராட்டா கேலியா என்று பிரித்தறிய நான் நிற்கவில்லை.

வீட்டுக்கு வந்து, ஈரம் காய்ந்த புல்லாகப் பார்த்து, ஓரத்திலிருந்து வெட்டத் தொடங்கினேன். சத்தம் என்பது துணிக்கடையில் கத்தரி ஓடுகிற அளவுதான். மூன்றாம் வரிசையில் திரும்பினால் அம்மா வாசற்படியில் நிற்கிறாள், ஒரு கை கதவுநிலையில். நடுவில் மொட்டையான இடத்தில் அப்போதுதான் ஊசி ஊசியாகப் பச்சை கிளம்பியிருந்தது, அதை மிதிக்காமல் எப்படித் தள்ளுவது என்று நான் நின்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் படி இறங்கி வந்து பிடியில் கை வைத்து, 'தள்ளுங்க, நான் தள்ளுறேன்' என்றாள். நானும் ஒரு முட்டாள், அந்த ஒரு சொல்லுக்கு எத்தனை பொருள் என்று எண்ணிக்கொண்டு விலகாமல் நின்றேன். 'காது கேக்கலையா, தள்ளுங்கன்னேன்' என்று இடித்தாள். விலகினேன். இரண்டு கையாலும் பிடியைப் பற்றிக்கொண்டு தள்ளினாள், அது அவளைத் தாங்கியதா அவள் அதைத் தள்ளினாளா என்று சொல்ல முடியாது. அவள் நின்றால் அதுவும் நின்றது. எனக்கு வெண்பா வாயில் வரவில்லை, அவளே வாய்க்குள் சொல்லிக்கொண்டு போனாள். பதினான்காம் சீரில் கதவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, 'இடது காலு குத்துதுங்க' என்றாள். அவள் குனிந்து பார்க்கவில்லை.

சேனாதிபதிக்கு இது தெரிந்ததும் எங்கள் இருவரையும் நிற்கவைத்து வறுத்தெடுத்தார். 'ஊரு உலகத்துல வாக்கர்னு ஒண்ணு இருக்கு, உங்களுக்குக் கத்தி வெச்ச வண்டிதான் கெடைச்சுதா' என்றார். அவர் சொன்னது நியாயம், அன்று முதல் வெட்டுவது நான், நடப்பது அவள் என்று பிரித்துக்கொண்டோம். நேற்று சோதனை. ஊன்றுகோலைச் சேனாதிபதியே பிடுங்கிச் சுவரில் சாத்திவிட்டு, கதவோரம் போய்க் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஈற்றடியின் கடைசிச் சீரில் அம்மாவின் கை கதவில் பட்டது. 'சரி, திரும்ப எப்படிப் போவீங்க?' என்றார். 'வந்த மாதிரித்தான், நீங்க வழிய விட்டா' என்றாள் உன் அம்மா. வீட்டிலேயே தொடரலாம் என்று தம் ஏட்டில் எழுதிக் கையெழுத்திட்டார். உன் படிவத்தை ஒன்றும் எழுதாமல் இந்த உறைக்குள்ளேயே திருப்பி அனுப்பியிருக்கிறேன், நல்ல தாள், பின்பக்கம் எதற்காவது உதவும். பூதத்தைப் பக்கத்துப் பள்ளியின் விளையாட்டுத் திடலுக்குக் கொடுத்துவிட்டேன், அந்தப் பரப்புக்கு அது பொருந்துகிறது. நீயும் சிறிய புல்வெளியுள்ள வீட்டுக்கு மாறினால் பெரியதைத் தேடாதே, இரும்புப் பல்சக்கரமா என்று பார், தாளை வெட்டிப் பார், காதால் கேட்டு வாங்கு, ஈரப் புல்லில் ஓட்டாதே, வெட்டிய பிறகு கத்தியைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடு. என் சினம் முழுவதும் தணிந்துவிடவில்லை, பாதிதான். மீதியை நீ நேரில் வரும்போது தீர்த்துக்கொள்வேன், சீக்கிரம் வா.

மருமகளுக்கு எங்கள் அன்பைச் சொல். வேளைக்குச் சாப்பிடுங்கள், வண்டியை நிதானமாக ஓட்டு, அவளிடம் என்னைப் போலக் குரல் உயர்த்தாதே. இறைவன் உங்கள் இருவருக்கும் துணை நிற்பான்.

மறவாதே: இனிமேல் நீ வீட்டுக்குப் பேசும்போது நான் தொலைபேசியை எடுக்க மாட்டேன், எடுக்கக் கூடாது என்று எனக்குக் கட்டளை. மணி வெகுநேரம் அடிக்கும். யாரும் இல்லை போலிருக்கிறது என்று வைத்துவிடாதே, அம்மா நடந்து வருவாள்.

என்றும் உன் நலம் வேண்டும்,
அப்பா