மூன்றாவது பெடல்

மகனே,

ஓஹையோவில் பனி உருகத் தொடங்கிவிட்டது. காலையில் கராஜ் கதவைத் திறந்தேன். நம் பழைய சிவப்பு மஸ்டாங் கார் வெயிலில் மிதப்பதுபோல் நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு நீ உள்ளே சிரிப்பதுபோல் ஒரு தோற்றம்.

"இனி எனக்கு எதுக்குப்பா? வித்துடுங்க" என்று ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து சொன்னாயே, நான் விற்கவில்லை.

ஒரு ஸ்க்ரூவைக்கூட மாற்றக் கூடாது என்று உன்னோடு சண்டை போட்டவன், அந்தக் காலத்து கியர்பாக்ஸையே கழற்றிவிட்டு ஆட்டோமேட்டிக் மாட்டிவிட்டேன். பக்கத்து வீட்டு வெர்ன் தலையில் அடித்துக்கொண்டான்.

"யோவ், கிறுக்கு பிடிச்சிருக்கா உனக்கு? இனி கார் ஷோவுல இதை ஓரமாக்கூட நிறுத்த விடமாட்டாங்கய்யா!"

ஷோ கிடக்கட்டும். கிளட்ச் பெடலை எடுத்தாயிற்று. இனி இந்தக் காருக்கு வலது கால் ஒன்று போதும். வந்து ஓட்டு.

பக்கத்து சீட்டில் உட்காரப்போகும்,
அப்பா